வெள்ளைப் பானை, அடியில் ஒரு தவளை: இது யார் வீட்டு ஹோப்பிப் பானை?

பாலைவனவாசி (ஃபீனிக்ஸ்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அரிசோனாவுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். அவருடைய பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்றார்கள். புத்தக அலமாரி வாங்கப் போனவன் ஒரு பானையோடு திரும்பி வந்தேன்.

ஒரு சாண் உயரம் இருக்கும். அடி சிறுத்து, தோள் அகன்று, வாய் கொஞ்சம் குறுகி இருக்கிறது. உடம்பு முழுக்க தந்தம் போன்ற வெள்ளை. தோளைச் சுற்றி கருப்பிலும் செங்கல் நிறத்திலும் கோலம்: படிக்கட்டு மாதிரி ஒன்று, சுருண்ட அலகு மாதிரி ஒன்று, நடுவில் மெல்லிய கோடுகளால் நிரப்பிய கட்டம். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை லேசாகப் பழுத்து இளமஞ்சளாகத் தெரிகிறது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு தவளை.

கூடவே நூலில் கட்டிய சீட்டு ஒன்று. "நம்பேயோ, ஹோப்பி, 1930" என்று நீல மையில் எழுதியிருக்கிறது. ஹோப்பி இங்குள்ள ஒரு பழங்குடி, நம்பேயோ பானை செய்வதில் பெரிய பெயர் என்பது மட்டும் தெரியும். விற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "அப்பா எங்கேயோ வாங்கினார்" என்றார்கள்.

எனக்கு மூன்று சந்தேகம். இது உண்மையில் நம்பேயோ செய்ததா? அந்தக் கோலங்களுக்கு என்ன அர்த்தம்? அப்புறம், வீட்டில் இதில் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாமா?

ஃபிளாக்ஸ்டாஃப் அக்கா பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம். இவை திறந்தவெளித் தீயில் சுட்ட, மெருகுக் கண்ணாடிப் பூச்சு இல்லாத பானைகள். தண்ணீர் உள்ளே ஊறும், வெளியே இருக்கிற வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக எழும்பும், கருப்புக் கோடு கலையும். தூசி தட்ட மெல்லிய தூரிகை போதும். தூக்கும்போது வாயைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியைத் தாங்குங்கள்.

இனி பானைக்கு வருவோம். நான் 24 வருடமாக ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஹோப்பி ஊர்களுக்குப் போய் வருகிறேன். வீட்டில் பதினொரு பானை இருக்கிறது, எல்லாமே சிறியவை. நீங்கள் எழுதியதைப் படித்ததுமே சொல்லத் தோன்றியது இதுதான்: அந்தச் சீட்டை நம்பாதீர்கள், தவளையை நம்புங்கள்.

ஹோப்பி மக்கள் வாழ்வது அரிசோனாவின் வடகிழக்கில், மூன்று தட்டையான மலை மேடுகளிலும் அவற்றின் அடிவாரத்திலும். மேடுகளை முதல் மேசா, இரண்டாம் மேசா, மூன்றாம் மேசா என்பார்கள். ஸ்பானியச் சொல் அது. போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த மேசையும் இதே சொல்தான், அதனால் நான் மேசை என்றே எழுதுகிறேன். பானை என்றால் பெரும்பாலும் முதல் மேசை. இரண்டாம், மூன்றாம் மேசைப் பெண்கள் பெயர் வாங்கியது கூடை முடைவதில். முதல் மேசையின் மேல் வால்பி, சிச்சோமோவி, ஹானோ என்று மூன்று ஊர்கள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. கீழே பொலாக்கா.

நம்பேயோ ஹானோவைச் சேர்ந்தவர். சுமார் 1859-இல் பிறந்து 1942-இல் மறைந்தார். ஹானோக்காரர்கள் மூலத்தில் ஹோப்பிகள் அல்ல, தேவா மொழி பேசுகிறவர்கள். 1680-இல் ஸ்பானியருக்கு எதிராக நடந்த பெரிய கிளர்ச்சிக்குப் பிந்தைய வருடங்களில் ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவருடைய அப்பா வால்பிக்காரர், பாம்புக் குலம். அம்மா ஹானோ, சோளக் குலம். அங்கே குலம் தாய்வழி வருவது, அதனால் நம்பேயோவும் சோளக் குலம்தான்.

அவர் பெரிய பெயர் ஆனதற்குக் காரணம், பழைய பானை ஓடுகளைப் பார்த்து ஒரு பாணியையே திரும்பக் கொண்டுவந்தது. முதல் மேசைக்குப் பக்கத்திலேயே சிக்யாட்கி என்று ஒரு பாழடைந்த ஊர் இருக்கிறது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே அற்புதமான மஞ்சள் பானைகள் செய்தார்கள். 1895-இல் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே தோண்டியபோது நம்பேயோவின் கணவர் லெசூவும் கூலியாட்களில் ஒருவர். அந்தத் தோண்டலுக்குப் பிறகுதான் நம்பேயோ பழைய கோலங்களைக் கற்றார் என்று ரொம்ப நாள் எழுதி வந்தார்கள். அது தப்பு. அதற்கு முன்பே அவர் பழைய கோலங்களைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவருக்கு எழுதத் தெரியாது. பானைகளில் கையெழுத்து கிடையாது. 1905-இலும் 1907-இலும் கிராண்ட் கேன்யனில் ஹோப்பி ஹவுஸ் என்ற கட்டடத்தில் தங்கிப் பானை செய்து காட்டினார். அங்கே விற்ற பானைகளில் அவர் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டினார்கள். பிற்காலத்தில் பார்வை மங்கிவிட்டது. அப்போதும் கையால் தடவித் தடவி உருவம் கொடுத்தார், கோலம் போட்டது மகள்கள். "நம்பேயோ ஃபேனி" என்று எழுதியிருந்தால் அம்மா உருவம் கொடுத்து மகள் ஃபேனி தீட்டியது என்று பொருள். "ஃபேனி நம்பேயோ" என்று மாறி இருந்தால் முழுக்க மகளுடையது. பெயரின் வரிசைக்கே இவ்வளவு அர்த்தம். இந்த வீட்டில் எங்கேயும் தவளை வராது.

தவளை வேறு வீடு. பாக்வா நாஹா என்று ஒருவர் இருந்தார், முதல் மேசைக்காரர். சுமார் 1890-இல் பிறந்து 1955-இல் காலமானார். பாக்வா என்றால் ஹோப்பியில் தவளை. தன் பெயரையே படமாக வரைந்து அடியில் வைத்தார். பல வருடம் மஞ்சள் பானையும் சிவப்புப் பானையும் செய்துவிட்டு, கடைசிக் காலத்தில், 1951-52 வாக்கில்தான் வெள்ளைப் பூச்சுக்கு வந்தார். அதனால் உங்கள் பானை வெள்ளையாகவும் இருந்து, தவளையும் இருந்து, 1930 என்றும் சீட்டு சொன்னால், சீட்டுதான் தப்பு.

பாக்வாவின் மகள் ஜாய் நவாசி, 1919-இல் பிறந்து 2012-இல் மறைந்தார். அம்மாவின் வெள்ளைப் பானையையும் தவளையையும் அவர் எடுத்துக்கொண்டார். அதனால் ஒரே தவளையில் இரண்டு பேர். எப்படிப் பிரிப்பது? காலைப் பாருங்கள். அம்மாவின் தவளைக்கு விரல்கள் குட்டையாக, தனித்தனியாக இருக்கும். மகளின் தவளைக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கும், வாத்துக்கால் மாதிரி. ஜாயின் பிள்ளைகளில் சிலரும் தவளை போட்டார்கள், ஆனால் கூடவே தங்கள் முதலெழுத்தையும் சேர்த்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் மருமகள். ஹெலன் நாஹா, பாக்வாவின் மகன் ஆர்ச்சியைக் கட்டிக்கொண்டவர், 1922-இல் பிறந்து 1993-இல் மறைந்தார். முதலில் மாமியாரையும் நாத்தனாரையும் பார்த்துத்தான் கற்றார். அப்புறம் அவாட்டோவி என்ற பாழடைந்த ஊரின் பழைய ஓடுகளில் இருந்த கருப்பு வெள்ளைக் கோலங்களைத் தனதாக்கிக்கொண்டார். அடியில் தவளை போடவில்லை, இறகு போட்டார். பானையின் வெளிப்புறத்தை எல்லோரும் மெருகேற்றுவார்கள், இவர் உட்புறத்தையும் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார். அவருடைய மகள் சில்வியா இறகோடு தன் முதலெழுத்தைப் போட்டார், இன்னொரு மகள் ரெய்னி தன் பெயரையே எழுதுகிறார். ஒரு குடும்பத்தின் மாமியார், மகள், மருமகள், பேத்தி எல்லாரையும் பானைகளின் அடியிலேயே படிக்கலாம். எனக்கு இந்தச் சேகரிப்பில் பிடி விழுந்ததே இதனால்தான்.

இன்னொன்றும் பாருங்கள். தவளை வரைந்த கருப்பும் கோலத்தின் கருப்பும் ஒன்றாக இருக்கிறதா? குறியையும் சுடுவதற்கு முன்பே அதே மையால் வரைவதுதான் வழக்கம். பேனாவில் வரைந்தது போல் மேலாக நின்றால் சந்தேகப்படுங்கள்.

மண்கை (டொராண்டோ) பதில்:

அக்கா குடும்பத்தைச் சொல்லிவிட்டார், நான் மண்ணைச் சொல்கிறேன். நான் பானை செய்கிறவள். ஃபிளாக்ஸ்டாஃபில் உள்ள வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தில், ஒரு ஹோப்பி அம்மா செய்து காட்டியதை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 1930-இல் தொடங்கி ஹோப்பி கைவினைக் கண்காட்சி நடத்தி வந்த இடம் அது. செய்தவர் பெயரைப் பானையில் போடும் வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பி, சுரைக்குடுக்கைத் துண்டால் சீவிச் சீவி மெலிதாக்குகிறார்கள். காய்ந்த பிறகு கூழாங்கல்லால் தேய்ப்பது. அந்த அம்மாவிடம் இருந்த கல் அவருடைய பாட்டியுடையதாம். ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து சப்பையாகி, சரியாக அவர் கட்டைவிரல் உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. என் கையில் வாங்கிப் பார்த்தேன். என் விரலுக்கு அது பொருந்தவில்லை.

தூரிகை, யுக்கா செடியின் இலை. நுனியை மென்று நாராக்கி, வேண்டிய அளவுக்குச் சில இழைகளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கருப்பு மைக்கு ஒரு காட்டுச் செடியைக் கூழாகும் வரை காய்ச்சி, இறுகவைத்து, அதோடு இரும்புக் கல்லை உரசிச் சேர்க்கிறார்கள். பென்சிலால் முன்கூட்டி வரைவதெல்லாம் இல்லை. பானையை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தோளை அளந்து நாலு இடத்தில் அடையாளம் வைத்தார், அவ்வளவுதான். அப்புறம் கை நடுங்காமல் இழுத்த கோடு, சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்திலேயே சேர்ந்தது.

சுடுவதற்கு ஆட்டுச் சாணம். பட்டியில் மிதிபட்டு இறுகியதை வெட்டி எடுத்துக் காயவைத்து அடுக்குகிறார்கள். உடைந்த பானை ஓடுகளால் பானையை மூடிவிட்டு, மேலே சாணக் கட்டிகள். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய காலத்தில், அந்த மேசைகளில் கிடைத்த நிலக்கரியை வைத்தே சுட்டிருக்கிறார்கள். சிக்யாட்கி மஞ்சள் அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கு அந்தச் சூடு ஒரு காரணம். சாம்பல் நிறக் களிமண் சுட்டதும் மஞ்சளாவது அதில் உள்ள இரும்பால். தீ ஒரே சீராகப் படாததால் ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் ஆரஞ்சுப் பழம் மாதிரி சிவக்கும்.

நீங்கள் சொன்ன "ஒரு பக்கம் பழுத்த" நிறம் அதுதான். குறை இல்லை. வெளியே தீயில் சுட்டதற்கு அதுவே சாட்சி. அச்சில் வார்த்து மின் சூளையில் சுட்ட சுற்றுலாச் சரக்கில் இது வராது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சீவிய தடங்கள், விரல் பட்ட மேடு பள்ளங்கள் தட்டுப்பட வேண்டும். அச்சு வார்ப்பு என்றால் ஒரே சீராக வழுவழுவென்று இருக்கும். விரல் கணுவால் மெதுவாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கேயோ விரிசல்.

மலையேறி (டூசான்) கேட்டது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஹோப்பிப் பகுதிக்குத் தெற்கே நடைப்பயணம் போனபோது தரையில் கோடு போட்ட ஓடுகள் நிறையக் கிடந்தன. உள்ளங்கை அளவில் ஒன்று, மஞ்சளில் பழுப்புக் கோடு. எடுக்கலாமா என்று கை அரித்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தப்பா?

ஃபிளாக்ஸ்டாஃப் அக்கா பதில்:

எடுக்காமல் வந்தது நல்ல காரியம். அரசு நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் எடுப்பது குற்றம், 1979-இலேயே சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஓடுகளை ஹோப்பிகள் முன்னோர் விட்டுப்போன காலடித் தடங்கள் என்கிறார்கள். இங்கே நாங்கள் வாழ்ந்தோம் என்பதற்கு அவை அங்கே கிடக்க வேண்டும். சிக்யாட்கியில் ஃப்யூக்ஸ் எடுத்த பானைகளில் மிகப் பெரும்பாலானவை இடுகாட்டிலிருந்து வந்தவை. அவற்றை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பார்க்கும்போது எனக்கு அழகும் தெரியும், நெஞ்சும் உறுத்தும். அதனால்தான் பழைய தோண்டியெடுத்த பானை எதையும் நான் வாங்குவதில்லை. இன்று செய்கிறவர்களிடமே வாங்குகிறேன்.

பாலைவனவாசி தம்பி, கோலத்தின் அர்த்தம் கேட்டீர்கள். அதற்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்.

பல கடைகளில் ஒரு பட்டியல் தருவார்கள். படிக்கட்டு என்றால் மேகம், சுருள் என்றால் நீர், இது பறவை, இது வாழ்க்கைப் பாதை என்று. நானும் முதல் இரண்டு வருடம் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தேன். பிறகு ஒருமுறை பொலாக்காவில், வாசலில் பானை விற்கும் பலகை வைத்திருந்த ஒரு வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, ஒரு பாட்டி சின்னக் கிண்ணத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் படிக்கட்டு மேகம்தானே?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் நிமிரவில்லை. "எங்கள் அத்தை மேகம் என்பார். பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்களோ, அவர்களைக் கேள்" என்றார். கோட்டை முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். அந்தக் கிண்ணம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

அர்த்தம் இல்லை என்று சொல்லவில்லை. மழைக்காக ஏங்கும் பாலை நிலம் அது, மேகமும் மழையும் இறகும் அந்த மக்களின் வழிபாட்டில் ஊறியவை. ஆனால் ஒரு கோலத்தின் பெயர் அந்தந்த வீட்டுக்குச் சொந்தம். நம்பேயோ குடும்பத்தார் மெல்லிய கோடுகளாலான ஒரு கோலத்தை "இடம்பெயர்தல்" என்பார்கள், தங்கள் மக்கள் ஊர் ஊராக நடந்து வந்த கதை அது என்பார்கள். மகள் ஃபேனி அதில் பேர் பெற்றவர். வெளியாட்கள் வேறு மாதிரி படித்தார்கள். ஃப்யூக்ஸ் பழைய பானைகளில் கண்ட கோணல் சுருளையெல்லாம் பறவை, இறகு என்று வகைப்படுத்தி வைத்தார். சில சரியாகவும் இருக்கலாம். ஆனால் வரைந்தவர்களைக் கேட்டு எழுதியது அல்ல அது, அவர்கள் செத்துச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன.

ரூத் பன்ஸெல் என்ற ஆய்வாளர் 1920-களில் குயவர்களிடமே போய்க் கேட்டார். அதில் ஒரு ஹோப்பிக் குயவர் சொன்னது எனக்கு மறக்காது. அது நம்பேயோதான் என்று கருதுகிறார்கள். ஆரம்பத்தில் பழைய ஊருக்குப் போய் ஓடுகளைப் பொறுக்கி வந்து பார்த்துப் பார்த்துப் போட்டாராம். இப்போது கண்ணை மூடினால் கோலம் தெரிகிறது, அதைத் தீட்டுகிறேன் என்றாராம். பார்வை மங்கிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது.

அதனால் உங்கள் பானையில் இருக்கிற அலகு பறவையா மேகமா என்று முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம். அதே குடும்பத்தின் வேறு பானைகளைப் பாருங்கள். ஃபீனிக்ஸில்தானே இருக்கிறீர்கள், ஹெர்ட் அருங்காட்சியகம் உங்கள் ஊரில்தான். மார்ச் மாதம் அங்கே நடக்கும் சந்தைக்கு முதல் மேசையிலிருந்தே குயவர்கள் வருவார்கள். பானையைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் காட்டுங்கள். விலை கேட்காதீர்கள், யாரிடம் கற்றார்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். மேசை ஊர்களுக்கே போனால் படம் எடுக்கக் கூடாது, வால்பிக்குள் வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

பாலைவனவாசி பதில்:

அக்கா, மண்கை, இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். தவளையின் பின்னங்கால் விரல்களுக்கு நடுவே மெல்லிய வளைகோடு. சவ்வுதான். முதலெழுத்து எதுவும் இல்லை. கருப்பு, கோலத்தின் கருப்பேதான், அதே பழுப்பு கலந்த நிறம்.

உள்ளே கையை விட்டேன். கழுத்துக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம், விரல்நுனி அழுத்தியது. என் விரலை வைத்தால் பெரிதாக இருக்கிறது, பன்னிரண்டு வயது மகளின் விரல் சரியாக உட்கார்ந்தது. தட்டினால் கணீரென்கிறது.

மணி பிளான்ட்டுக்குக் கண்ணாடி ஜாடி வாங்கியாச்சு. ஒரு கேள்வி மிச்சம். அந்தத் தப்பான சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா?

ஃபிளாக்ஸ்டாஃப் அக்கா பதில்:

கிழிக்காதீர்கள். அந்தப் பெரியவர் வீட்டில் அது எத்தனை வருடம் தொங்கியதோ, அதுவும் பானையின் வரலாறுதான். ஒரு உறையில் போட்டு வையுங்கள். கூடவே ஒரு தாளில், எந்த மாதம், எந்தத் தெருவில், யார் கையிலிருந்து வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பானையில் எதையும் ஒட்ட வேண்டாம்.

மார்ச்சில் விவரம் தெரிந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து ஆம் என்றால் அந்தத் தாளில் பெயரையும் சேருங்கள்: ஜாய் நவாசி, பாக்வா நாஹாவின் மகள், முதல் மேசை. அம்மா பெயரை விட்டுவிடாதீர்கள், தவளை அவரிடமிருந்து வந்தது.